எங்கள் வீட்டுப் படமும் மிலான் சுவரும்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் என் தம்பிக்கும் ஒரு செய்தி இருக்கிறது.

எங்கள் ஊர் வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு மேலே 'கடைசி இராப்போஜனம்' படம் தொங்குவதை வந்தவர்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். கண்ணாடிச் சட்டம் போட்டு அப்பா வாங்கி வந்தது. போன வாரம் வெளிநாட்டில் படிக்கும் பேத்தி மிலான் நகரிலிருந்து வீடியோ காலில் வந்தாள். "தாத்தா, நம்ம வீட்டுப் படத்துல இயேசுவுக்குக் கால் இருக்கே, இங்க ஒரிஜினல்ல கால் இல்லையே!" என்றாள்.

அவள் சொன்னது உண்மைதான். சாந்தா மரியா தெல்லே கிராட்சியே என்ற மடத்தின் உணவுக்கூடச் சுவரில் லியோனார்டோ டா வின்சி ஏறத்தாழ 1495 முதல் 1498 வரை வரைந்த ஓவியம் அது. 1652இல் மடத்தார் அந்தச் சுவரில் ஒரு வாசலை உயர்த்தித் திறந்தார்கள். மேசைக்கு அடியில் இருந்த இயேசுவின் பாதங்கள் அந்த வாசலோடு போயின. பின்னாளில் வாசலை அடைத்துவிட்டார்கள், ஆனால் போன பாதம் வரவில்லை.

இங்கே நான் ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். என்னிடம் சமூக அறிவியல் படித்தவர்களுக்கு 'மறுமலர்ச்சி' பாடம் நினைவிருக்கலாம். ஈரச் சுண்ணாம்பில் வரைந்ததால்தான் அந்த ஓவியம் 500 ஆண்டு நிலைத்தது என்று பல வருடம் சொல்லிக் கொடுத்தேன். இரண்டுமே தப்பு. ஈரச் சுவரில் வரைந்தால் பூச்சு காய்வதற்குள் வேகமாக முடிக்க வேண்டும். லியோனார்டோவுக்கு அது ஒத்துவராது. ஒருநாள் சாப்பிடாமல்கூட வரைவார், இன்னொரு நாள் சும்மா நின்று பார்த்துவிட்டுப் போவார். அதனால் காய்ந்த சுவரிலேயே வரைந்தார். சில பத்தாண்டுகளிலேயே வண்ணம் பொரிந்து உதிர ஆரம்பித்தது. நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சுப் படையினர் அந்தக் கூடத்தைக் குதிரை லாயமாக்கினார்கள். 1943 ஆகஸ்டில் குண்டு விழுந்து கூரையும் ஒரு பக்கச் சுவரும் இடிந்தன. மணல் மூட்டை அடுக்கியிருந்த இந்தச் சுவரோ நின்றது.

அப்படியானால் நம் வீட்டுப் படத்தில் பாதம் எப்படி வந்தது? லியோனார்டோவைப் பின்பற்றிய ஜாம்பியத்ரீனோ என்பவர், வாசல் திறப்பதற்கு 100 ஆண்டுக்கும் முன்னால், 1520 வாக்கில், ஏறக்குறைய அதே அளவில் துணியில் ஒரு பிரதி எழுதினார். அதில் பாதங்கள் இருக்கின்றன. யூதாஸின் கைபட்டுச் சாய்ந்த உப்புக் கிண்ணமும் தெளிவாகத் தெரிகிறது. பினின் பிரம்பில்லா பார்சிலோன் என்ற அம்மையார் 20 ஆண்டுகளுக்கு மேல் சுவரைச் சுத்தம் செய்து 1999இல் முடித்தார். அந்த வேலைக்கும் இந்தப் பிரதி கைகொடுத்தது. ரஃபேல் மோர்கன் 1800இல் முடித்த செப்புத்தகட்டுப் படம் அச்சாகி ஐரோப்பா எங்கும் பரவியது. அதற்குப் பிறகு வண்ண அச்சு, காலண்டர் என்று கைமாறி நம் தெருக் கடைக்கும் வந்து சேர்ந்தது.

சின்ன வயதில் எனக்கு யூதாஸைத்தான் பிடிக்கும். பிடிக்கும் என்றால், அவரைக் கண்டுபிடிப்பது பிடிக்கும். லியோனார்டோவுக்கு முந்திய ஓவியர்கள் பலர் அவரை மேசைக்கு எதிர்ப்பக்கம் தனியாக உட்கார வைத்தார்கள். பார்த்தவுடன் தெரிந்துவிடும். இவரோ மற்ற சீடர்களோடு ஒரே வரிசையில் உட்கார வைத்துவிட்டார். உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான் என்று ஆண்டவர் சொன்ன அந்த நொடியில் மூன்று மூன்று பேராக நான்கு கூட்டமும் பதறுகிறது. கையில் பணப்பை வைத்திருப்பவர் மட்டும் பின்வாங்குகிறார். பையைத் தேடினால்தான் ஆள் அகப்படுவார். அப்பா ஒருநாளும் விரல் நீட்டிக் காட்டியதில்லை, நீயே பார் என்பார்.

சுவருக்கு முன்னால் 15 நிமிடம்தான் நிற்கவிட்டார்களாம் பேத்தியை. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டே வருடக்கணக்காகப் பார்த்தோம்.

தம்பி, வெள்ளையடிப்புக்குக் கழற்றிய அந்தப் படத்தைக் கரையான் அரித்துவிட்டது, வெறும் அச்சுப் படம்தானே, போட்டுவிடலாமா என்று கேட்டிருந்தாய். போட்டுவிடாதே. சட்டம் போனால் போகட்டும், தாளை மட்டும் ஈரம் படாமல் எடுத்து வை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வருகிறேன். ஃபிரேம் கடைக்குச் சேர்ந்தே போவோம்.