அலோஹா வலையும் சில அன்றாடச் சொற்களும்

தீபாவளி இரவில் மும்பையிலோ தில்லியிலோ இருந்துகொண்டு ஊரிலுள்ள பெற்றோரைக் கைபேசியில் அழைக்கிறோம். இணைப்புக் கிடைப்பதில்லை. "நெட்வொர்க் பிஸி" என்று கூறிப் பெருமூச்சு விடுகிறோம். நெட்வொர்க், பாக்கெட், சானல், புரோட்டோகால் ஆகிய சொற்கள் நம் இல்லங்களில் நாள்தோறும் புழங்குகின்றன. அவற்றின் பொருள் யாதெனக் குழந்தைகள் வினவினால் நம்மிற் பலர் திகைப்போம். அகராதியைப் புரட்டுவதினும், அச்சொற்கள் கம்பியின்றிச் செயற்பட்டுக் காட்டிய ஓரிடத்தை நோக்குதல் எளிது. அவ்விடம் பசிபிக் மாகடலின் நடுவேயுள்ள ஹவாய்த் தீவுக்கூட்டம்.

ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் பெரிய கணிப்பொறி ஹோனலூலு நகரில் இருந்தது. கல்லூரிகளோ பல தீவுகளிற் சிதறிக் கிடந்தன. தொலைபேசிக் கம்பிகளுக்குச் செலவு மிகுதி, தெளிவு குறைவு. ஆகவே 1968-ஆம் ஆண்டில் பேராசிரியர் நார்மன் ஆப்ராம்சனும் அவருடைய துணைவர்களும் வானொலி அலையின் உதவியை நாடினர். (அலைச்சறுக்கு விளையாட்டில் கொண்ட மோகமே ஆப்ராம்சனை ஹவாய்க்கு ஈர்த்தது என்பர். கடலலையைத் தேடி வந்தவர் வேறோர் அலையையும் பிடித்தார்!) 1971 ஜூன் மாதத்தில் அவ்வமைப்பு இயங்கத் தொடங்கியது. வரவேற்கவும் விடைகொடுக்கவும் அம்மக்கள் கூறும் 'அலோஹா' என்னும் சொல்லே அதன் பெயராயிற்று.

செய்தியை ஒரே மூச்சில் அனுப்பாது சிறு பகுதிகளாக்கி, ஒவ்வொன்றின் தலையிலும் அடையாளக் குறிப்பைப் பொறித்து அனுப்பினர். அச்சிறு பகுதியே பாக்கெட். அப்பெயரை இட்டவர் பிரிட்டனைச் சேர்ந்த டொனால்டு டேவிஸ். அலோஹாவின் பாக்கெட்டில் மிகுதியாக 80 எழுத்துகள் அடங்கும். 0 அல்லது 1 என்னும் ஒற்றைக் குறியைப் பிட் என்கிறோம். அக்கணக்கில் முழு பாக்கெட் 704 பிட்டுகள். வேகம் நொடிக்கு 9,600 பிட்டுகள். ஆகவே ஒரு நொடியில் ஏறத்தாழப் பதினான்கில் ஒரு பங்குக்குள் பாக்கெட் போய்ச் சேரும்.

இனி, இடர்ப்பாட்டுக்கு வருவோம். மையத்தை நோக்கிப் பேச எல்லா நிலையங்களுக்கும் ஒரே அலைவரிசைதான், அதுவே சானல். இருவர் ஒரே வேளையில் அனுப்பினால் இரண்டு செய்திகளும் சிதைந்துவிடும். இதனை மோதல் என்பர். 'நீ முன்னே, அவன் பின்னே' என முறை வகுப்பார் ஒருவரும் இல்லை. ஆப்ராம்சன் கண்ட வழி வியப்பூட்டும் அளவுக்கு எளியது. செய்தி இருந்தால் உடனே அனுப்புக. மையத்திலிருந்து ஒப்புகை வருகிறதா எனப் பார்க்க. வராவிடில் சிறிது பொறுத்து மீண்டும் அனுப்புக. தபாலில் ஒப்புகை அட்டை இணைப்பது போன்றதே இது. ஆயினும் நுட்பம் 'சிறிது பொறுத்து' என்பதில் உளது. இருவரும் ஒரே அளவு பொறுத்தால் மறுபடியும் மோதுவர் அன்றோ? ஆகவே ஒவ்வொரு நிலையமும் குருட்டாம்போக்கில் வெவ்வேறு காலம் பொறுக்கும். இவ்வாறு தம்முள் ஒப்புக்கொண்ட நடைமுறையே புரோட்டோகால்.

இவ்வெளிமைக்கு விலையும் உண்டு. அலைவரிசையின் திறனில் ஏறத்தாழ 18 சதவிகிதத்துக்கு மேல் பயன் கிட்டாது. காலத்தைச் சிறு கூறுகளாக வகுத்து, ஒவ்வொரு கூறின் தொடக்கத்தில் மட்டுமே அனுப்புமாறு லாரன்ஸ் ராபர்ட்ஸ் 1972-இல் திருத்தம் கூறினார்; பயன் இருமடங்காயிற்று. கைபேசி கோபுரத்துக்கு முதன்முதல் விடுக்கும் விண்ணப்பமும் இம்முறையின் வழிவந்ததே. கூட்டம் பெருகினால் மோதல் பெருகும். மோதியவை திரும்ப அனுப்பப்படுவதால் கூட்டம் இன்னும் பெருகும். தீபாவளி இரவில் நம் அழைப்பு தடைப்படுவதற்குப் பிற காரணங்களும் உண்டு, இதுவும் ஒன்று.

ஆப்ராம்சனின் கட்டுரையை ஆராய்ந்த ராபர்ட் மெட்காஃப், 1973-இல் ஈதர்நெட் என்னும் கம்பிவழி வலையை வகுத்தார். பேசுமுன் பிறர் பேசுகின்றனரா எனச் செவிசாய்ப்பது அதன் சிறப்பு. 1997-இல் வெளியான கம்பியில்லா வலைக்கான தர விதியும் அவ்வாறே செவிசாய்த்து, குருட்டாம்போக்கில் பொறுத்து, ஒப்புகையை எதிர்நோக்கும். அதற்கு 1999-இல் சூட்டப்பட்ட வாணிகப் பெயரே வைஃபை. அப்பெயருக்கு விரிவு தேடுவோர் பலர். உண்மையில் அது பொருள் குறியாத வெறும் பெயரே.