எண் போட்ட மருந்துப் பெட்டி

தொலைமருத்துவம் என்றதும் நமக்கெல்லாம் கோவிட் காலத்து ஸூம் திரைதான் ஞாபகத்துக்கு வருது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து உட்பகுதியில் இந்தக் கதை 1929லேயே ஆரம்பித்துவிட்டது. ஆல்ஃபிரட் டிரேகர் செய்த வானொலியைச் சைக்கிள் மாதிரி மிதித்தால் மின்சாரம் வரும். குளோன்கரி ஊரில் இருந்த பறக்கும் டாக்டரைக் கூப்பிடலாம். பிறகு பண்ணைகளுக்கு எண் போட்ட மருந்துப் பெட்டிகள் வந்தன. டாக்டர் எண்ணைச் சொல்வார், பண்ணைக்காரர் எடுத்துக் கொடுப்பார். வானொலியைவிட அந்தப் பெட்டிதான் பெரிய விஷயம் என்பேன். குரல் மட்டும் போய் என்ன செய்யும்? அந்தப் பக்கம் ஒரு கை வேண்டாமா?

கீமோ மருந்தை அப்படிப் பெட்டியில் வைத்து அனுப்ப முடியாது. நரம்பில் ஏறும்போதே ஒவ்வாமை வரலாம். அதனால் குளோன்கரிக்குப் பக்கத்து ஊரான மவுண்ட் ஐசாவின் நோயாளிகள் 900 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் டவுன்ஸ்வில்லுக்குப் போய்வந்தார்கள், வாந்தியும் களைப்புமாக. 2007இல் டவுன்ஸ்வில் புற்றுநோய் மையம் அவர்களைத் திரைவழி பார்க்கத் தொடங்கியது. மருத்துவர் சபே சபேசன் குழுவினர் 2013இல் கணக்கை வெளியிட்டார்கள்: 56 மாதம், 147 நோயாளிகள், 605 சந்திப்புகள். பயணச் செலவு குறைந்ததில், சேவைக்கு ஆன செலவு போக மிச்சம் சுமார் 3,20,000 ஆஸ்திரேலிய டாலர்.

அரசாங்கத்துக்கு இந்த எண் போதும். ஆனால் திரையில் இருக்கும் டாக்டரால் ஊசி குத்த முடியாதே! மருந்தை ஏற்றுவதும், உடம்பு நடுங்கினால் முதலில் ஓடிவருவதும் உள்ளூர்த் தாதிதான். பின்னாளில் இன்னும் சின்ன ஊர்களுக்கு இத்திட்டம் போனபோது, புற்றுநோய்ப் பிரிவில் வேலை செய்திராத தாதியர் எந்தெந்த மருந்தை ஏற்றலாம் என்று ஆபத்து குறைந்தவற்றைத்தான் முதலில் பிரித்து வைத்தார்கள்.