மாவுக் கட்டி 'மாத்திரை'யான கதை

2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரில் முஸ்லிம் உணவகமொன்றின் கறியில் கிடந்த மாவுக் கட்டியை "மலட்டு மாத்திரை" என்றார்கள். சிங்களம் சரியாக விளங்காத கடைக்காரர், சூழ்ந்து நின்ற கூட்டத்துக்குப் பயந்து ஆமென்று சொன்ன வீடியோ முகநூலில் பரவியது. அன்றிரவே பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. அது வெறும் மாப்பொருள் என்ற அரச இரசாயனப் பகுப்பாய்வு முடிவு பிறகுதான் வந்தது. நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை மருத்துவத்திலேயே இல்லை.

நம்பியவர்கள் எல்லோரும் இனவாதிகள், படிப்பறிவில்லாதவர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது இலகு. ஆனால் அந்தக் கதை அவர்களின் காதில் விழுந்தது அன்று முதல் தடவையல்ல. பல வருடங்களாகச் சொல்லப்பட்டு வந்தது. 1977இல் ஹாஷர், கோல்ட்ஸ்டீன், டொப்பினோ என்ற அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களிடம் சில கூற்றுகளை இரண்டு வார இடைவெளியில் மூன்று தடவை கொடுத்தார்கள். திரும்பத் திரும்ப வந்த கூற்றுகளை, அவை பொய்யாக இருந்தபோதும், மாணவர்கள் வரவர உண்மையென்று மதிப்பிட்டார்கள். பழகிய செய்தி மனதுக்குள் தடையின்றி நுழைகிறது. அந்த இலகுவையே மனம் உண்மையின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறது. சரியான விடை தெரிந்தவர்களும் இதில் சறுக்குகிறார்கள் என்று பிந்திய ஆய்வுகள் காட்டின.

2019இல், உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பின், குருநாகலில் ஒரு முஸ்லிம் வைத்தியர் 4,000 சிங்களத் தாய்மாருக்குக் கருத்தடை செய்தார் என்று ஒரு பத்திரிகை எழுதியது. நூற்றுக்கணக்கான பெண்கள் முறைப்பாடு செய்தார்கள். ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்தில் தெரிவித்தது. அந்தத் தாய்மார் அத்தனை பேரும் பொய் சொல்ல வந்தவர்கள் என்று நான் நினைக்கவில்லை. அடுத்த பிள்ளை தங்காத வேதனைக்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தவளுக்கு, பெயரோடும் எண்ணிக்கையோடும் ஒரு காரணம் கையில் கொடுக்கப்பட்டது. பயமும் துக்கமும் உள்ள இடத்தில் அதை யார் உதறுவார்?

நாமும் விதிவிலக்கல்ல. கோவிட் தடுப்பூசி பிள்ளைப்பேற்றைத் தடுக்கும் என்ற, அதே மலட்டுக் கதையின் இன்னொரு வடிவம், நம் வட்ஸ்அப் குழுக்களிலும்தானே சுற்றியது! அனுப்பியவர் மாமியா மச்சானா என்று பார்த்தோமே தவிர, அவருக்கு அது எங்கிருந்து வந்தது என்று பார்க்கவில்லை. வகுப்பில் "இதை யார் சொன்னது?" என்று கேட்டால், "எல்லாரும் சொல்றாங்க சேர்" என்பதே பிள்ளைகளின் பதில்.

மறுக்கும்போதும் கவனம் தேவை. வதந்தியைத் தலைப்பாகப் போட்டு, கீழே "இது பொய்" என்று எழுதினால், நாமும் அதை இன்னொரு தடவை காதில் போட்டவர்களாவோம். "பகுப்பாய்வில் மாவு என்று வந்தது" என்பதை முதலில் சொல்லுங்கள். வதந்தியை ஒரு தடவைக்கு மேல் சொல்ல வேண்டாம்.