நாலு கம்பியும் ஒரு சிவப்பு விளக்கும்

காமர்ஸ் படிக்கிறவனுக்கு டிரெய்லர் வயரிங்கில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். காரணம் என் மாமா. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில் இருக்கிறார். வீட்டுக்குத் தேவையான மரம், மண் எல்லாம் ஏற்றிவர ஒரு சின்ன டிரெய்லர் வாங்கினார். வண்டி ஜப்பான் கார். கடையில் நாலு கம்பி கொண்ட ஒரு பிளக்கை வாங்கி, கேரேஜில் படுத்துக்கொண்டு தானே இணைத்துவிட்டார். அதற்குப் பிறகு பிரேக்கை மிதித்தால் காரின் இண்டிகேட்டர் எரிகிறது, இடப்பக்க இண்டிகேட்டர் போட்டால் இரண்டு பக்கமும் சேர்ந்து மின்னுகிறது! ஒரு சிக்னலில் இடது பக்கம் திரும்பும்போது பின்னால் வந்த வேன் மயிரிழையில் நின்றிருக்கிறது. "மாப்ளே, நாலு கம்பிதானேன்னு நினைச்சேன்டா" என்றார் போனில்.

எனக்கு ஒரே குழப்பம். கார் விளக்கு எரியவும் டிரெய்லர் விளக்கு எரியவும் ஒரே மின்சாரம்தானே, இணைத்தால் எரிய வேண்டியதுதானே? தோண்டிப் பார்த்தால் விஷயம் பல பத்து வருஷம் பின்னால் போகிறது.

அமெரிக்காவில் 1930களில் வீட்டு டிரெய்லர்கள் மேல் ஒரு மோகம் இருந்தது. வாலி பையம் என்பவரின் ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர் 1936ல் வந்தது, உள்ளே மின்விளக்கோடு. அந்தக் காலத்துக் கார்களில் இண்டிகேட்டரே கிடையாது. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டுவதுதான் சிக்னல். 1939ல் பியூக் கார்களில் மின்னும் இண்டிகேட்டர் வந்தது. மற்ற கம்பெனிகளும் மெதுவாகத் தொடர்ந்தன.

இங்கேதான் கணக்குப் பார்க்கும் மூளை வேலை செய்திருக்கிறது. காரின் பின்னால் பிரேக்குக்கு ஏற்கெனவே ஒரு சிவப்பு பல்பு இருக்கிறது. திரும்புவதற்கு இன்னொரு பல்பு எதற்கு? அதே பல்பையே மின்ன வைத்தால் போயிற்று. பிரேக் விளக்குக்குப் போகும் மின்சாரத்தை ஸ்டியரிங் தண்டில் உள்ள இண்டிகேட்டர் சுவிட்ச் வழியாக அனுப்பினார்கள். இடது பக்கம் போட்டால் சுவிட்ச் இடது பல்பைப் பிரேக்கிலிருந்து பிரித்து ஃபிளாஷரோடு சேர்த்துவிடும். வலது பல்பு பிரேக் விளக்காகவே எரிந்துகொண்டிருக்கும். புத்திசாலித்தனம்தான், மறுக்கவே முடியாது. ஒரு காருக்கு இரண்டு பல்பு, இரண்டு ஹோல்டர், கொஞ்சம் வயர் மிச்சம். லட்சக்கணக்கான கார்களால் பெருக்கிப் பாருங்கள்.

இதனால் டிரெய்லர்காரர்களுக்கும் லாபம். வெள்ளை எர்த், பழுப்பு பின்விளக்கு, மஞ்சள் இடது, பச்சை வலது. நாலே கம்பி! பிரேக்குக்குத் தனிக் கம்பி வேண்டாம், அது மஞ்சளிலும் பச்சையிலும் ஒளிந்துகொண்டு வருகிறது. இன்றும் அங்கே சின்ன டிரெய்லர்களில் இருக்கும் தட்டையான நாலு முனை பிளக் இதுதான். அதை உற்றுப் பார்த்தால் ஒரு அழகு தெரியும். கார் பக்கத்தில் மூன்று முனைகள் ரப்பருக்குள் மறைந்திருக்கும், எர்த் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பிளக் தவறி பம்பரில் விழுந்தாலும் ஷார்ட் ஆகாது.

1945ல் லெனார்ட் ஷோன் என்பவரும் அவர் மனைவியும் வாஷிங்டன் மாநிலத்தில் யூ-ஹால் தொடங்கினார்கள். ஒரு ஊரில் டிரெய்லரை வாடகைக்கு எடுத்து இன்னொரு ஊரில் விட்டுவிடலாம் என்பது வியாபாரம். யாருடைய கார் வந்து எந்த டிரெய்லரை இழுக்கும் என்று யாருக்குத் தெரியும்? பிளக் எல்லாம் ஒன்றுபோல இருக்க வேண்டிய அவசியம் இப்படித்தான் கூடுகிறது. போதாக்குறைக்கு 1950களின் நடுவில் கார்கள் 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாறின (செவ்ரலே 1955, ஃபோர்டு 1956). பழைய டிரெய்லரின் 6 வோல்ட் பல்பைப் புதுக் காரில் மாட்டினால் பொசுக்கென்று போய்விடும்.

அதே சமயம் ஐரோப்பா வேறு வழியில் போனது. இண்டிகேட்டர் என்றால் ஆரஞ்சு நிறம், தனி பல்பு. பிரிட்டனில் 1965 செப்டம்பர் 1க்குப் பிறகு ஓடத் தொடங்கிய வண்டிகளுக்கு ஆரஞ்சுதான் சட்டம். நம் ஊர்க் கார்களிலும் அப்படித்தானே பார்க்கிறோம். ஐரோப்பிய டிரெய்லர் பிளக்கில் ஏழு முனை, பிரேக்குக்குத் தனியாக ஒரு சிவப்புக் கம்பி. வேடிக்கை என்னவென்றால் அங்கேயும் மஞ்சள் இடது, பச்சை வலது, வெள்ளை எர்த். பழுப்பு, பின்விளக்கில் வலது பாதிக்கு. கம்பி நிறத்தில் ஒற்றுமை, விளக்கு நிறத்தில் வேற்றுமை!

அமெரிக்காவில் 108ஆம் எண் பாதுகாப்பு விதி 1968ல் அமலுக்கு வரத் தொடங்கியது. பின்னால் இண்டிகேட்டர் சிவப்பாகவும் இருக்கலாம், ஆரஞ்சாகவும் இருக்கலாம் என்று அது இரண்டையும் அனுமதித்தது. இன்றுவரை அப்படியே. இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது. ஏனென்றால் 2009ல் அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகமே ஒரு ஆய்வு வெளியிட்டது. சிவப்பிலிருந்து ஆரஞ்சுக்கு (அல்லது ஆரஞ்சிலிருந்து சிவப்புக்கு) மாறிய கார் மாடல்களை ஒப்பிட்டுப் பார்த்ததில், திரும்பும்போதும் தடம் மாறும்போதும் பின்னால் இடிபடுவது ஆரஞ்சில் 5.3 சதவீதம் குறைவு. ஒரு பல்பு மிச்சம் கம்பெனியின் கணக்கில் வரவு. இடிபட்ட வண்டியின் செலவு யார் கணக்கில்? எங்கள் பாடத்தில் இதற்குப் புறவிளைவு என்று ஒரு அத்தியாயமே உண்டு, தேர்வுக்கு முந்தின நாள் மட்டும் படிப்போம்.

சரி, மாமா விஷயத்துக்கு வருவோம். ஜப்பான், ஐரோப்பியக் கார்கள் அமெரிக்காவில் பெருகியபோது பலவற்றில் ஆரஞ்சு இண்டிகேட்டர் தனியாக இருந்தது. கார் தருவது மூன்று தகவல்: பிரேக், இடது, வலது. டிரெய்லர் புரிந்துகொள்வது இரண்டே கம்பி. மாமா செய்ததுபோல பிரேக் கம்பியையும் இண்டிகேட்டர் கம்பியையும் முறுக்கிக் கட்டினால் மின்சாரம் திரும்பி ஓடி எல்லா விளக்கையும் எரிய வைக்கும். டயோடு போட்டு ஒருவழிப் பாதை ஆக்கினாலும் போதாது. பிரேக் மிதித்தபடி திரும்பினால் பிரேக் மின்சாரம் விடாமல் வருவதால் விளக்கு நிலையாக எரியும், மின்னவே மின்னாது. பின்னால் வருகிறவனுக்கு நீங்கள் திரும்பப் போவதே தெரியாது. அந்த வேன்காரர் மேல் தப்பே இல்லை!

இதற்காகப் பிறந்ததுதான் மூன்றை இரண்டாக்கும் மாற்றி. அதற்கு ஒரு எளிய தந்திரம் உண்டு. பிரேக், இண்டிகேட்டர் இரண்டில் ஏதாவது ஒன்று மட்டும் வந்தால் விளக்கு எரி, இரண்டும் சேர்ந்து வந்தால் அணை. பிரேக் மிதித்துக்கொண்டே இடது போட்டால், காரின் ஆரஞ்சு எரியும்போது டிரெய்லரின் சிவப்பு அணையும், ஆரஞ்சு அணையும்போது சிவப்பு எரியும். ஒன்றுக்கொன்று எதிர்த்தாளம், ஆனால் மின்னுகிறது. அவ்வளவுதான் வேண்டும்.

அடுத்த சிக்கல் சுமை. வழக்கமான 1157 பல்பு பிரேக் இழையில் சுமார் 27 வாட் எடுக்கும். டிரெய்லரில் இரண்டு கூடினால் காரின் மெல்லிய கம்பிக்கும் சுவிட்சுக்கும் பாரம். பழைய வெப்ப ஃபிளாஷருக்கோ பாரம் கூடினால் வேகமும் கூடும், இண்டிகேட்டர் படபடவென்று அடிக்கும். அதனால் பிற்கால மாற்றிகள் கார் கம்பியிலிருந்து தகவலை மட்டும் எடுத்துக்கொண்டு, மின்சாரத்தை ஃப்யூஸ் வழியாக நேரே பேட்டரியிலிருந்து எடுக்கின்றன. பல்பு போனதா என்று கம்ப்யூட்டரே கண்காணிக்கும் கார்கள் வந்த பிறகு இது இல்லாமல் முடியவே முடியாது.

மாட்டும் முறையும் மாறியது. முன்பு கம்பியின் தோலைக் கடித்துப் பிடிக்கும் கிளிப்பைப் போட்டு இடுக்கியால் அழுத்துவார்கள். உப்புத் தண்ணீர் புகுந்து சில குளிர்காலத்தில் பச்சைப் பூத்துவிடும். இப்போது அந்தந்த மாடலுக்கென்றே செய்த டி வடிவ அடாப்டர். பின்விளக்கின் சாக்கெட்டைக் கழற்றி நடுவில் இதைச் செருகினால் முடிந்தது, ஒரு கம்பியையும் வெட்ட வேண்டாம். பேட்டரியிலிருந்து ஒரு கம்பி இழுப்பதுதான் அரை நாள் வேலை.

மாமா அதைத்தான் வாங்கினார். மாட்டிய பிறகும் விளக்கு மங்கலாக, இடது போட்டால் வலதும் லேசாக மினுக்கிக்கொண்டிருந்ததாம். எர்த் ஸ்க்ரூவைப் பெயின்ட் மேலேயே முறுக்கியிருக்கிறார். டிரெய்லர் இழுக்கும் குண்டு வழியாக அரைகுறையாக எர்த் கிடைத்திருக்கிறது. பெயின்டைச் சுரண்டி வெறும் இரும்பில் முறுக்கியதும் பளிச்சென்று எரிந்தது. அத்தை பின்னால் நின்றுகொண்டு "இடது... பிரேக்... ரெண்டும் சேர்ந்து போடுங்க" என்று கத்த, மாமா உள்ளே உட்கார்ந்து மிதிக்க, பக்கத்து வீட்டு நாய் முழு நேரமும் குரைத்ததாம்.