குளிரறியாத மரமும் குளிர்கால டயரும்



அண்மையில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, பெற்றோர் ஒருவர் என்னிடம் ஓர் ஐயத்தைக் கேட்டார். அவருடைய மூத்த மகன் கனடாவின் மான்ட்ரியல் நகரில் பணிபுரிகிறார்.

"டீச்சர், மகன் காருல நல்ல டயர் நாலு இருக்கு. எல்லாப் பருவத்துக்கும் ஆகும்னு சொல்லித்தான் வித்தாங்களாம். இப்போ பனி வருது, வேற நாலு வாங்குன்னு கடைக்காரன் சொல்றானாம். ஏமாத்துறானோ?"

கேட்டவர் மலாக்காவின் தோட்டமொன்றில் பிறந்து, இளமையில் பத்தாண்டுகள் பால்மரம் சீவியவர். உலகத்தின் டயர்களுக்குப் பால் எடுத்துத் தந்தவருக்கே டயர் புதிராக இருந்தது. அவர் கேட்ட கேள்விக்கான விடை நம் தோட்டங்களின் வரலாற்றோடு பின்னிக் கிடப்பதால், அதை இங்கே எழுதுகிறேன்.

ரப்பருக்கும் பருவத்துக்கும் உள்ள பகை பழையது. 1830ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் விற்கப்பட்ட ரப்பர் காலணிகள் கோடையில் இளகி ஒட்டின. குளிரில் விறைத்து வெடித்தன. 1839இல் சார்லஸ் குட்இயர் ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் இக்குறை பெரிதும் நீங்குவதைக் கண்டார். 1888இல் ஜான் பாய்ட் டன்லப் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயரைச் செய்தார். பின்னர் மோட்டார் வண்டிகள் பெருகவே, உலகம் ரப்பருக்கு ஏங்கியது.

அந்த ஏக்கத்தைத் தீர்த்த மரம் நம் மண்ணுக்குரியதன்று. 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை இலண்டனின் கியூ தோட்டத்திற்குக் கொண்டு சென்றார். அவற்றிலிருந்து முளைத்த கன்றுகளில் 22 மட்டும் 1877இல் சிங்கப்பூர் வந்தடைந்தன. மரத்திற்கு ஊறு நேராமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் ஹென்றி ரிட்லி வகுத்தார். அவருடைய தூண்டுதலால் 1896இல் டான் சாய் யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரைப் பயிரிட்டார். மலாயாவின் வணிக ரப்பர்த் தோட்டங்களுக்கு அதுவே தொடக்கம். நம் தஞ்சோங் கிளிங் பிள்ளைகள் இதனை அவசியம் அறிய வேண்டும். அது அவர்களுடைய சொந்த மாநிலத்தின் செய்தி.

அதன்பின் வந்த கதையை நாம் அறிவோம். கங்காணிகள் வழியாகத் தமிழகக் கிராமங்களிலிருந்து நம் முன்னோர் வந்தனர். இந்திய அரசு 1938இல் தடை விதிக்கும்வரை அவ்வரவு நீடித்தது. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, வெயில் ஏறுமுன் மரம் சீவி, மங்கில் வடிந்த பாலைச் சேர்த்துச் சுமந்தனர். ஆண்டின் தொடக்க மாதங்களில் மரங்கள் இலையுதிர்க்கும், பால் குறையும், வருமானமும் குறையும். வெள்ளைத் துரைமார் இவ்விலையுதிர்வை 'விண்டரிங்' என்றழைத்தனர். நம்மவர் கண்ட குளிர்காலம் அது ஒன்றுதான்.

பனி விழும் நாடுகளிலோ மெய்யான குளிர்காலம் ஓட்டுநர்களை வாட்டியது. பின்லாந்தின் நோக்கியா என்னும் ஊரிலிருந்த ரப்பர்த் தொழிற்சாலை 1934இல் பனிச்சாலைக்கென்றே சுமையுந்து டயரை உருவாக்கியது. 1936இல் கார்களுக்கும் செய்தது.

பிறகு போர் வந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்ததும் நேச நாடுகளுக்குத் தென்கிழக்காசிய ரப்பர் கிட்டாமல் போயிற்று. இங்கே நம் தோட்டத் தமிழர்கள் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு ஆயிரக்கணக்கில் மடிந்தனர். அதே ஆண்டுகளில் அமெரிக்கா பெட்ரோலியத்திலிருந்தும் சாராயத்திலிருந்தும் செயற்கை ரப்பரைப் பெருமளவில் தயாரித்தது. அதன் வழிவந்த செயற்கை ரப்பர் இன்றும் கார் டயர்களில் மிகுதியாகக் கலக்கப்படுகிறது. அது நன்றாக உழைக்கும். ஆயினும் குளிரில் இயற்கை ரப்பரைவிட விரைவில் விறைக்கும். நம் மரத்துப் பாலோ சுழியத்துக்குக் கீழே 70 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதுதான் கண்ணாடிபோல் ஆகும். குளிரே அறியாத மரத்தின் பால் குளிரைத் தாங்குவது வியப்பல்லவா!

1977இல் அமெரிக்காவின் குட்இயர் நிறுவனம் 'டியெம்போ' என்னும் அனைத்துப் பருவ டயரை அறிமுகப்படுத்தியது. ஆண்டுக்கு இருமுறை டயர் மாற்றும் தொல்லை தீர்ந்ததென்று மக்கள் மகிழ்ந்தனர். ஆனால் அது ஒரு சமரசமே. கோடைச் சூட்டில் தேயாதிருக்க அதன் ரப்பர் சற்றுக் கடினமாக இருக்க வேண்டும். வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது அக்கடினமே பகையாகிறது. டயர் சாலையைப் பற்றாமல் வழுக்குகிறது. குளிர்கால டயரில் பொதுவாக இயற்கை ரப்பரின் பங்கைக் கூட்டிச் சிலிக்காவும் சேர்ப்பதால் அது மென்மை குன்றாதிருக்கிறது. அதன் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய கீறல்கள் பனியைக் கவ்விப் பிடிக்கின்றன. அதே மென்மையால் கோடையில் அது விரைவில் தேயும். ஆகவே ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

இந்த வேறுபாட்டைக் காட்டவே 1999இல் ஓர் அடையாளம் வந்தது: மூன்று சிகரமுடைய மலையும் அதனுள் ஒரு பனித்துகளும். பனியில் சோதித்துத் தேறிய டயர்களுக்கே அது உரியது. அனைத்துப் பருவ டயர்கள் பலவற்றில் காணப்படும் 'எம்' 'எஸ்' எழுத்துகள் அச்சோதனைக்குச் சான்றாகா. மான்ட்ரியல் அமைந்துள்ள கியூபெக் மாநிலம் 2008 முதல் குளிர்கால டயரைச் சட்டமாக்கியுள்ளது. இப்போது டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அங்குப் பதிவான கார்களுக்கு அது கட்டாயம்.

மறுநாள் அந்தத் தந்தையிடம் இதையெல்லாம் சொன்னேன். "கடைக்காரர் ஏமாற்றவில்லை, அண்ணே. மலை அடையாளம் இருக்கிறதா என்று மட்டும் தம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். நான்கையும் மாற்ற வேண்டும். இரண்டை மட்டும் மாற்றினால் வண்டி சுழன்றுவிடும். ஒரு பருவத்தில் ஒரு தொகுதிதான் தேயும் என்பதால் செலவும் இரட்டிப்பாகாது" என்றேன். பனி அரிதாக விழும் ஊரென்றால் அடையாளம் பெற்ற அனைத்துப் பருவ டயரே போதும். மாதக்கணக்கில் பனி உறையும் ஊருக்கு அது போதாது.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நம்ம பால்தான் அங்க பிள்ளையைப் பிடிச்சு நிறுத்துது" என்றார்.

ஆசிரிய நண்பர்களே, ஒரு ரப்பர் வளையத்தை இரவு முழுதும் ஐஸ் பெட்டியில் வைத்து, மறுநாள் வகுப்பில் இழுத்துக் காட்டுங்கள். அது நீளும். ஏன் என்று மாணவர்கள் கேட்பார்கள். அங்கிருந்து புக்கிட் லிந்தாங்கிற்கும், அவர்கள் பாட்டி பெரட்டுக்கு எழுந்த விடியலுக்கும் அவர்களை அழைத்துச் செல்லலாம். தோட்டங்கள் பல மறைந்துவிட்டன. மரம் சீவிய கைகளும் குறைந்து வருகின்றன. அக்கைகளுக்கு உரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே பிள்ளைகள் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.