ஒரு கூட்டைக் காத்த ஆசிரியர்

நியூசீலாந்தின் தென்தீவிலே, டனீடின் நகரையடுத்த ஒற்றாகோ குடாநாடு கடலுள் நீண்டு முடியும் இடம் தையரோவா முனை. ருசியர் படையெடுப்பர் என்றஞ்சி 1885 இல் அங்கே கோட்டை கட்டத் தொடங்கினர். ருசியர் வரவில்லை, பிற்காலத்தில் வந்தது அரச அல்பற்றொஸ் என்னும் கடற்பறவையே. அது சிறகை விரித்தால் மூன்று மீற்றர் இருக்கும்!

1920 இல் அங்கே முதல் முட்டை காணப்பட்டது. ஆயினும் மனிதராலும் விலங்குகளாலும் முட்டையும் குஞ்சும் அழிந்தனவேயன்றி, நெடுங்காலம் ஒரு குஞ்சேனும் பறக்கவில்லை. இணையொன்று இடுவதோ ஒரே முட்டை. அடைகாப்பு ஏறத்தாழ எண்பது நாள். குஞ்சு பறக்க மேலும் எட்டு மாதம். முட்டை பறிபோனால் அவ்வாண்டின் பாடெல்லாம் வீண்.

அக்காலை முன்வந்தவர் லான்ஸ் றிச்டேல். பாடசாலைதோறும் சென்று விவசாயங் கற்பித்த ஆசிரியர். (ஆசிரியனாகிய எனக்கு இதிலே சிறிது பெருமையுண்டு, மறைப்பானேன்?) முனையிலே கூடாரமடித்துக் கூட்டைக் காவல் காத்தார். 1938 இல் முதற் குஞ்சு பறந்தது.

1972 முதல் பொதுமக்கள் அங்கு சென்று, பறவைகளை அணுகாது, காட்சிக்கூடத்திலிருந்தே கூடுகளைப் பார்த்து வருகின்றனர். 1937 இல் றிச்டேல் காலில் வளையமிட்ட பெட்டையொன்று, 'பாட்டி' எனப் பெயர்பெற்று, அறுபது வயதளவிலும் குஞ்சு வளர்த்தது. 1989 இல் அது கடலுக்குச் சென்றது. பின் அதனைக் கண்டார் எவருமிலர்.