எல்லைச் சாலையின் பார்வையாளர்கள்: பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியில் மிதிவண்டியைப் பின்தொடர்ந்த மரபு

தொழில்முறைச் சாலை மிதிவண்டிப் பந்தயம் என்பது, ஊதியத்துக்கு ஓட்டும் வீரர்கள் பொதுச் சாலையில் ஊர்விட்டு ஊர் கடந்து, ஒரே நாளிலோ பல நாட்களிலோ நடத்தி முடிக்கும் போட்டியாகும். இதற்கு அரங்கமும் இல்லை, நுழைவுச்சீட்டும் இல்லை. வழியோரத்தில் நிற்பவர் எவரோ அவரே பார்வையாளர். இத்தகைய பந்தயத்தை ஒரு மக்கள் கூட்டம் ஆண்டுதோறும் பின்தொடர வேண்டுமானால் மூன்று கூறுகள் ஒன்றுசேர வேண்டும்: நின்று பார்த்துப் பழகிய ஒரு சாலை, தன் உடலுழைப்பால் பார்ப்பவரின் மதிப்பைப் பெறும் ஓர் ஓட்டுநர், கண்ணுக்கு எட்டாத தொலைவில் நடந்தவற்றைச் சொல்லி நினைவில் நிறுத்தும் ஓர் எழுத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் இம்மூன்றும் இணைந்தன. தென்திருவிதாங்கூரின் பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆகிய கேரள-தமிழ்நாடு எல்லையோரச் சிற்றூர்களில் முதல் இரண்டும் ஆழமாக வேரூன்றியிருந்தும் மூன்றாவது வந்து சேரவில்லை என்பதே இப்பகுதியின் மிதிவண்டி வரலாற்றைப் புரிந்துகொள்ள உதவும் திறவுகோலாகும்.

ஐரோப்பாவில் சாலைப் பந்தயத்தைப் பெற்றெடுத்தவை செய்தித்தாள்களே. 1891-ஆம் ஆண்டு போர்தோ நகரிலிருந்து பாரிசுக்கு ஒரு பந்தயமும், அதே ஆண்டில் பாரிசிலிருந்து பிரெஸ்ட் துறைமுகம் சென்று திரும்பும் ஏறத்தாழ 1200 கிலோமீட்டர் பந்தயமும் நடந்தன. பின்னதை 'லெ பெத்தி ழூர்னால்' என்னும் நாளிதழின் பியேர் ழிஃபார் ஏற்பாடு செய்ய, ஷார்ல் தெரோன் மூன்று இரவுகளும் உறங்காமல் ஓட்டி, ஏறத்தாழ 71 மணி நேரத்தில் முதலாவதாக வந்தார். 1903 ஜூலை 1 அன்று 'லோட்டோ' என்னும் விளையாட்டு நாளிதழ், ஆன்றி தெகிரான்ஜ் என்னும் அதன் ஆசிரியர் தலைமையில், விற்பனையைப் பெருக்கும் நோக்குடன் தொடங்கிய தூர் தெ பிரான்ஸ் என்னும் பந்தயம் இம்மரபை நிலைநாட்டியது. ஆறு கட்டங்களாக 2428 கிலோமீட்டர் கொண்ட அந்த முதல் பந்தயத்தில் புறப்பட்ட 60 பேரில் 21 பேர் மட்டுமே இறுதிவரை வந்தனர். வென்ற மொரீஸ் கரென் இளமையில் புகைபோக்கி துப்புரவு செய்து பிழைத்தவர்.

இப்பந்தயத்தின் அமைப்பே வாசகரை நாள்தோறும் இதழுக்கு இழுத்துவரும் வகையில் அமைந்தது. கட்டம் என்பது ஓர் ஊரில் தொடங்கி மற்றோர் ஊரில் முடியும் ஒரு நாள் ஓட்டத்தைக் குறிக்கும்; எல்லாக் கட்டங்களிலும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டி, மொத்தத்தில் குறைந்த நேரம் பெற்றவரை வெற்றியாளராக அறிவிக்கும் முறை 1913 முதல் நிலைபெற்றது. முன்னணியில் இருப்பவரை வழியோர மக்கள் அடையாளம் காண்பதற்காக 1919-இல் மஞ்சள் சட்டை அறிமுகமானபோது, அந்நிறம் 'லோட்டோ' அச்சான தாளின் நிறமாகவும் இருந்தது. சாலையோரத்தில் நிற்பவருக்கு ஓட்டுநர் கூட்டம் சில நொடிகளே தென்படும். முன்செல்பவரின் முதுகுக்குப் பின்னால் காற்றெதிர்ப்பு குறைவதால் அனைவரும் நெருக்கமாகச் செல்வதும், தலைவனுக்காகத் தன் வெற்றியைத் துறந்து காற்றை எதிர்கொண்டு உழைக்கும் துணை ஓட்டுநர்கள் ஒவ்வொரு குழுவிலும் இருப்பதும் அந்த நொடிகளில் புலப்படுவதில்லை. அவற்றை மறுநாள் இதழ் விளக்கியது; தான் கண்டதையும் படித்ததையும் பொருத்திப் பார்க்கும் பழக்கத்திலிருந்தே சாலைப் பந்தயத்தின் ரசிகர் உருவானார்.

நெய்யாற்றின்கரை வழியாகச் செல்லும் சாலையின் வரலாறு திருவிதாங்கூர் அரசின் தலைநகர் மாற்றத்தோடு பின்னிப் பிணைந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறிய பிறகு, பழைய தலைநகரையும் புதிய தலைநகரையும் இணைத்த வழி குழித்துறை, களியக்காவிளை, பாறசாலை, அமரவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் ஆகிய ஊர்களைத் தொட்டுச் சென்றது. சர் சி. பி. ராமசாமி ஐயர் திவானாக இருந்த 1936-1947 காலத்தில் இச்சாலை சிமெண்ட் தளம் பெற்றதும், 1938-இல் அரசுப் போக்குவரத்துத் துறை தொடங்கப்பட்டதும் இவ்வூர்களின் அன்றாட வாழ்வைச் சாலையை நோக்கித் திருப்பின. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தில் சேர, தமிழ் பேசுவோர் கணிசமாக வாழ்ந்த நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. களியக்காவிளையில் எல்லைக்கோடு விழுந்தபோதும் உறவும் சந்தையும் திருவிழாவும் இருபுறமும் தொடர்ந்தன. திருவனந்தபுரத்துக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே 1979-இல் இரயில் ஓடத் தொடங்கும் வரை அத்தொடர்பைப் பெரிதும் சுமந்தது இந்தச் சாலையே.

இச்சாலையோரத்தில் காத்து நின்று பார்க்கும் பழக்கம் மிதிவண்டிக்கு முற்பட்டது. நவராத்திரி விழாவை முன்னிட்டுப் பத்மநாபபுரம் தேவாரக்கட்டு சரஸ்வதி, வேளிமலை குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய தெய்வத் திருமேனிகள் ஊர்வலமாகத் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளும் வழக்கம், சுவாதித் திருநாள் ஆட்சிக் காலத்தோடு (1829-1846) தொடர்புபடுத்தப்படுகிறது. ஊர்வலம் முதல் இரவு குழித்துறையிலும் இரண்டாம் இரவு நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயிலிலும் தங்கி, மூன்றாம் நாள் தலைநகரை அடைகிறது. களியக்காவிளையில் தமிழ்நாட்டு அதிகாரிகள் வழியனுப்ப, கேரள அதிகாரிகள் வரவேற்கிறார்கள். வழிபாட்டைப் பந்தயத்தோடு ஒப்பிடுவது இங்கு நோக்கமன்று. ஆயினும் குறித்த நாளில், குறித்த தங்கலிடங்களுடன், ஊர் ஊராகக் கடந்து வரும் ஒரு பயணத்துக்காக வாசலில் விளக்கேற்றித் தட்டம் வைத்துக் காத்திருந்து, அது கடந்த பின் அடுத்த ஊரின் செய்தியை விசாரித்தறியும் ஒழுக்கம் பல தலைமுறைகளாக இங்கு பயிலப்பட்டு வந்ததைச் சமூக வரலாறு கவனிக்காமல் இருக்க இயலாது.

மிதிவண்டி இப்பகுதிக்கு முதலில் வசதி படைத்தோரின் ஊர்தியாக, இங்கிலாந்திலிருந்து இறக்குமதியான ராலே, ஹம்பர், பி.எஸ்.ஏ. போன்ற வண்டிகளின் உருவில் வந்தது. 1949-இல் சென்னை அம்பத்தூரில் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் போன்றவை உள்நாட்டிலேயே வண்டி செய்யத் தொடங்கிய பிறகு, அது உழைப்பாளியின் கருவியாயிற்று. பொழியூர், பூவார் போன்ற கடற்கரை ஊர்களிலிருந்து உள்நாட்டுச் சந்தைகளுக்கு மீன்கூடையும், தோட்டங்களிலிருந்து மரச்சீனிக் கிழங்கும் தேங்காயும் மிதிவண்டியின் பின்புறத் தாங்கியில் ஏறின. சொந்த வண்டி இல்லாத இளைஞர் மணிக்கணக்கில் வாடகை தரும் சைக்கிள் கடையை நாடினர். சரக்கேற்றிய வண்டியுடன் மேட்டில் மூச்சிரைத்த அனுபவம் பெரும்பாலோர்க்கும் இருந்ததால், மிதிவண்டியில் அரிய செயல் புரிபவரின் உழைப்பை எடைபோடும் தகுதி இவ்வூர் மக்களுக்கு இயல்பாகவே வாய்த்தது.

அத்தகுதி வெளிப்பட்ட களம், மலையாளத்தில் சைக்கிள் யக்ஞம் என்று பெயர் பெற்ற ஊர்க்காட்சியாகும். ஒருவர் குறித்த நாட்கள் முழுதும் மிதிவண்டியை விட்டு இறங்காமல் ஒரு திடலைச் சுற்றிவருவதே அதன் அடிப்படை. கேரளத்தின் பல பகுதிகளிலும், தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இது பரவலாக நடந்தது. அறுவடை முடிந்த வயலோ பள்ளித் திடலோ களமாக, நடுவில் ஒரு கம்பம் நட்டு, ஒலிபெருக்கியும் குழல்விளக்கும் கட்டப்படும். ஓட்டுநர் உண்பதும் குளிப்பதும் உடை மாற்றுவதும் வண்டி ஓடும்போதே நிகழும். மாலையானதும் தரையில் கிடக்கும் பொருளை ஓட்டத்திலேயே குனிந்தெடுத்தல், கைப்பிடியை விட்டு நிமிர்ந்து நிற்றல், குழல்விளக்குகளை உடலில் அடித்து உடைத்தல், மண்ணுக்குள் புதைந்திருந்து மீளல் முதலிய சாகசங்களும், இடையிடையே திரைப்பாட்டுக்கு ஆடும் ரெக்கார்டு டான்சும் இடம்பெறும். கட்டணம் இல்லாத இக்காட்சியில் வருவாய் என்பது பார்வையாளர் மனமுவந்து அளிப்பதே. ஓட்டுநரின் சட்டையில் பணத்தாள் குத்துவதும், ஊரார் கொடுத்த கோழி, வாழைக்குலை போன்றவற்றை ஏலம் விடுவதும் அதற்கான வழிகள். ஏழாம் நாளோ பத்தாம் நாளோ அவர் தரையில் கால் ஊன்றும் நேரத்துக்குப் பக்கத்து ஊரார் உட்படப் பெருங்கூட்டம் திரண்டது.

இக்காட்சியை வெறும் வித்தையென ஒதுக்குவோர், தொழில்முறை மிதிவண்டி ஓட்டத்தின் தொடக்க வடிவங்களுள் ஒன்றும் இத்தகையதே என்பதை மறந்துவிடுகின்றனர். 1878-இல் லண்டனின் இஸ்லிங்டன் பகுதி வேளாண் மண்டபத்தில், ஆறு நாட்களில் ஆயிரம் மைல் ஓட்டிக்காட்டுவதாகப் பந்தயம் கட்டிய டேவிட் ஸ்டான்டன் அதில் வென்றார். அதிலிருந்து ஆறு நாள் பந்தயம் என்னும் வகை வளர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை கிறித்தவருக்கு ஓய்வுநாள் ஆகையால் ஆறு நாட்கள் என்ற வரம்பு ஏற்பட்டது. 1891 முதல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டன் அரங்கில் ஓட்டுநர்கள் இரவுபகலாக ஒரே வட்டத்தைச் சுற்ற, களைப்பால் நினைவு தடுமாறும் அவர்களைக் காண மக்கள் திரண்டனர். ஒருவர் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என 1898-இல் சட்டம் வரவே, இருவர் மாறி மாறி ஓட்டும் முறை தோன்றியது. அது இன்றும் அந்த அரங்கின் பெயரால் மேடிசன் என்றே ஒலிம்பிக்கில் வழங்குகிறது. லண்டன் மண்டபத்திலும் நியூயார்க் அரங்கிலும் நெல்வயல் திடலிலும் மக்களை ஈர்த்தது ஒன்றே: உறக்கத்தையும் வலியையும் ஒரு மனிதன் எத்தனை நேரம் வெல்ல முடியும் என்ற கேள்வி.

ஆனால் அதன்பின் இரு மரபுகளின் போக்கும் வேறுபட்டது. நியூயார்க்கில் ஒவ்வோர் ஓட்டுநரும் கடந்த மைல்கள் எண்ணப்பட்டு நாளிதழ்களில் வெளியாயின; 1891-இல் வென்ற வில்லியம் மார்ட்டினின் பெயரும் அவர் கடந்த தொலைவும் இன்றும் கிடைக்கின்றன. திருவிதாங்கூர்ப் பகுதியின் ஓட்டுநருக்கு அத்தகைய ஏடும் இல்லை, சங்கமும் இல்லை. அவர் சுற்றிய சுற்றுகளை ஒலிபெருக்கி அறிவித்ததோடு சரி. 1985-இல் திருவனந்தபுரம் தூர்தர்ஷன் மலையாள நிகழ்ச்சிகளை ஒளிபரப்பத் தொடங்கி, தொலைக்காட்சி வீடுகளுக்குள் வந்த பிறகு திடலின் கூட்டம் மெல்லக் குறைந்தது. 1991-இல் கமல் இயக்கத்தில் மோகன்லால் நடித்து வெளிவந்த 'விஷ்ணுலோகம்' மிதிவண்டிச் சாகசம் காட்டும் தெருக்கலைஞன் ஒருவனை நாயகனாக்கியது, மறையத் தொடங்கிய அந்த உலகுக்குக் கிடைத்த அரிய பதிவுகளுள் ஒன்று.

போட்டி என்ற வடிவில் மிதிவண்டி எல்லையின் இருபுறமும் சிறு அளவில் தொடர்கிறது. கேரளப் பக்கத்தில் ஓண விழாவை ஒட்டிச் சங்கங்கள் நடத்தும் மெதுவோட்டப் பந்தயத்தில், காலூன்றாமல் கடைசியாக வருபவரே வென்றவர். தமிழ்நாட்டுப் பக்கத்தில் அறிஞர் அண்ணா பிறந்தநாளை ஒட்டி மாவட்டந்தோறும் அரசு நடத்தும் மாணவர் மிதிவண்டிப் போட்டியில், இந்தியாவில் செய்த சாதாரண வண்டிகளே அனுமதிக்கப்படுவதால் ஏழைப் பிள்ளைக்கும் இடமுண்டு. தூத்துக்குடி, சிவகங்கை மாவட்டங்களின் மாட்டுவண்டி எல்கைப் பந்தயங்களில் ரசிகர்கள் இருசக்கர வண்டிகளில் பின்தொடர்ந்து ஆரவாரிப்பது, சாலைப் பந்தயத்தை விரும்பும் மனம் தென்தமிழகத்தில் ஏற்கெனவே உண்டு என்பதற்குச் சான்றாகும்.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் நிறுவன வசதிகளும் பின்னர் வளர்ந்தன. 1985-இல் காரியவட்டத்தில் தொடங்கப்பட்ட லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரியின் மிதிவண்டி ஓடுதளத்தில் 2015-ஆம் ஆண்டுத் தேசிய விளையாட்டு விழாவின் ஓடுதள மிதிவண்டிப் போட்டிகள் நடந்தன; 2023 அக்டோபரில் ஆசிய மலைமிதிவண்டிப் போட்டி பொன்முடியில் நடந்தபோது பல நாட்டு வீரர்கள் இம்மாவட்டத்துக்கு வந்தனர். தெரோன் வென்ற பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் பந்தயம், பரிசுக்காக அன்றிக் குறித்த நேரத்துக்குள் முடிப்பதற்காக ஓட்டும் நெடுந்தொலைவுப் பயணமாக மாறி, 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் கடக்கும் பிரெவே என்னும் வடிவில் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் பரவியுள்ளது. சாலையும் பின்தங்கவில்லை: கழக்கூட்டத்திலிருந்து பாறசாலையை அடுத்த காரோடு வரை அமைந்த புறவழிச்சாலையின் தென்பகுதி கான்கிரீட் தளம் கொண்டது. திவான் காலத்துச் சிமெண்ட் சாலைக்கு அது பொருத்தமான வாரிசு எனலாம்.

எனவே இவ்வெல்லைச் சிற்றூர்களில் தொழில்முறைச் சாலைப் பந்தயம் தோன்றாததற்கு மக்களின் ஆர்வக் குறைவைக் காரணம் கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. சாலை இருந்தது, நின்று பார்க்கும் ஒழுக்கம் இருந்தது, பத்து நாள் இறங்காமல் ஓட்டிய உடல்வலிமையும் அதை மதித்துத் தன் கூலியில் ஒரு பங்கைக் கொடுத்த ஏழைப் பார்வையாளரும் இருந்தனர். இல்லாமற் போனது அவர்களின் பெயரையும் தொலைவையும் எழுதி, ஒரு திடலின் செய்தியை அடுத்த ஊருக்குக் கொண்டுசென்று, ஆண்டுக்காண்டு ஒப்பிட்டுப் பார்க்கச் செய்யும் இதழ். அக்குறையின் ஒரு பகுதியை இப்போதும் நிரப்ப முடியும். யக்ஞம் ஓட்டியவர்களிலும் அதை ஊர்க்குழுவாக நின்று நடத்தியவர்களிலும் எஞ்சியிருப்போரிடம், தமிழிலும் மலையாளத்திலும், வாய்மொழி வரலாற்றைத் தொகுப்பது எல்லையின் இருபுறமும் உள்ள கல்லூரிகளும் ஊர் நூலகங்களும் காலம் தாழ்த்தாமல் மேற்கொள்ள வேண்டிய கடமை. அது நிறைவேறினால் தொழில்முறை மிதிவண்டி ஓட்டத்தின் உலக வரலாற்றில் தென்திருவிதாங்கூருக்கு உரிய அதிகாரம் எழுதப்படும்.